கணக்கு வாத்தியாரின் லென்ஸில் பூசணம்

லென்ஸ்காரிக்குக் கோபம் வந்தால் அது மாடியில் இருக்கும் அவள் அண்ணிக்குத்தான் முதலில் தெரியும். கீழ் அறையில் இழுப்பறைகள் படார் படாரென்று சாத்திக்கொள்ளும். அந்த வியாழக்கிழமை காலையிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. அண்ணிக்கு அதுதான் பயமாக இருந்தது. இவள் கத்தினால் சமாளிக்கலாம், பேசாமல் இருந்தால் என்ன செய்வது? ஒரு டம்ளர் காபியோடு இறங்கி வந்து எட்டிப் பார்த்தாள்.

வாசல் ஓரம் இருந்த கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் டார்ச் விளக்கும் கையுமாக உட்கார்ந்திருந்தாள் லென்ஸ்காரி. பெட்டிக்குள் ஒரே ஒரு லென்ஸ் இருந்தது.

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்க?"

"அண்ணி, மறுபடியும் வந்திருக்கு."

"எது?"

"பூசணம்."

"அட, இவ்வளவுதானா! பூசணம் வந்தாத்தானே உனக்குப் பொழப்பு?"

"நான் சுத்தம் பண்ணிக் குடுத்ததுல வந்திருக்கு அண்ணி. அதுவும் மூணாவது தடவையா." சொல்லும்போதே அவள் குரல் உடைந்துவிட்டது.

அண்ணி காபியைக் கீழே வைத்துவிட்டுத் தானும் உட்கார்ந்தாள்.

கண்ணாடியில் பூசணம் வந்தால் துடைத்துவிட்டுப் போவதுதானே என்று கேட்பவர்கள் உண்டு. அப்படிக் கேட்டவர்களை லென்ஸ்காரி முறைக்கும் முறைப்பை நீங்கள் பார்த்ததில்லை. கேமராவைத் தோல் உறையில் போட்டு, உறையைத் துணியில் சுற்றி, துணியை அலமாரியில் வைத்துப் பூட்டி, ஏதோ புதையலைக் காப்பாற்றிவிட்டதாக நிம்மதியாக இருப்பார்கள். அந்த இருட்டும் ஈரமும் பூசணத்துக்கு மாமியார் வீட்டு விருந்து. லென்ஸுக்குள் ஆறேழு கண்ணாடிகள் அடுக்கடுக்காக இருக்கும். அவற்றுக்கு நடுவில் அது வெள்ளை நூலாகப் படரும். நாளாக நாளாகக் கண்ணாடியின் மேல்பூச்சையே தின்றுவிடும். அப்புறம் எந்த மருந்தும் உதவாது.

அவள் வேலை செய்யும் விதமே தனி. நோய்கண்ட லென்ஸ் எதுவானாலும் வாசல் ஓரக் கண்ணாடிப் பெட்டியைத் தாண்டி உள்ளே வரக்கூடாது. அதற்கென்று தனி மேஜை, தனித் துணி, பூசணத்தைக் கொல்லத் தனிப் புற ஊதா விளக்கு. உள்வளையத்தில் எதிரெதிரே இரண்டு பள்ளங்கள் இருக்கும். இரட்டை முனைச் சாவியை அவற்றில் பொருத்தித் திருகி வளையத்தைக் கழற்றுவாள். ஒவ்வொரு கண்ணாடியின் விளிம்பிலும் எது முன்பக்கம் என்று பென்சிலால் குறித்துக்கொள்வாள். மருந்தில் கழுவி, உலர்த்தி, விளக்கில் காட்டி, வந்த வரிசையிலேயே திரும்ப அடுக்குவாள். எல்லாம் முடிந்து வளையத்தை முடுக்கிய பிறகு, பாதி வளையத்திலும் பாதி குழாயிலும் படுகிற மாதிரி சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு பொட்டு வைப்பாள். யாராவது பிரித்தால் பொட்டு இரண்டாக உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். பதினாறு வருஷமாக அந்தப் பொட்டு வைத்து அனுப்பிய லென்ஸ் ஒன்றுகூடப் பூசணத்தோடு திரும்பி வந்ததில்லை. அவளுக்குச் சொந்தமென்று சொல்லிக்கொள்ள வீடு இல்லை, புருஷன் பிள்ளை இல்லை. இந்த ஒரு பேர்தான் இருந்தது.

அந்தப் பேருக்குத்தான் வினை வந்தது, அதுவும் கணக்கு வாத்தியார் உருவத்தில்.

வாத்தியாருக்கு ஐம்பத்தொரு வயது. மனைவி போய் ஒன்பது வருஷம் ஆகிவிட்டது. ஒரே மகள் வேறு ஊரில் குடித்தனம். போன வருஷம் ஒரு சனிக்கிழமை சரியாகப் பதினொரு மணிக்கு ஒரு பழைய கேமராவை இடுப்புக் குழந்தை மாதிரி அணைத்துப் பிடித்துக்கொண்டு முதல்முதலாக வந்தார். தோல் உறையைத் திறந்ததும் லென்ஸ்காரி மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"சார், இது கேமராவா, ஊறுகாய் ஜாடியா?"

"பத்திரமா வச்சிருந்தேங்க."

"பத்திரமா வச்சதாலதான் இந்தக் கதி. உறையை முதல்ல தூக்கிப் போடுங்க. காத்தும் வெளிச்சமும் படற மாதிரி தட்டுல திறந்து வைங்க."

வாத்தியார் ஒரு சின்ன நோட்டை எடுத்து அதை எழுதிக்கொண்டார். அடிக்கோடு வேறு போட்டார். லென்ஸ்காரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாடிக்கையாளர் முன்னால் அவள் சிரித்தது அண்ணிக்குத் தெரிந்து அதுவே முதல் தடவை.

அதற்குப் பிறகு சனிக்கிழமை பதினொரு மணி என்றால் வாத்தியார்தான். அவர் வீட்டு அலமாரியில் ஐந்து கேமராக்கள் இருந்தன. ஒவ்வொன்றாகக் கொண்டுவந்தார். வேலை நடக்கும்போது எதிரில் உட்கார்ந்து கேள்வி கேட்பார். பூசணத்துக்குக் கண்ணாடியில் தின்ன என்ன இருக்கிறது, தூசியா, விரல் பட்ட எண்ணெய்ப் பிசுக்கா? அவளுக்கும் இதையெல்லாம் கேட்க ஓர் ஆள் கிடைத்ததில் சந்தோஷம்தான். வாய்விட்டுச் சொன்னாளா என்றால், அதுதான் இல்லை. அண்ணி மட்டும் சனிக்கிழமைகளில் மாடிப்படியில் வந்து நின்று, "உன் நோட்டுக்காரர் வந்தாச்சா?" என்று கேட்டுவிட்டுப் போவாள்.

ஐந்து கேமராவும் சுத்தமாகிவிட்டன. இரண்டு சனிக்கிழமை வாத்தியார் வரவில்லை. லென்ஸ்காரி அந்த இரண்டு நாளும் இழுப்பறைகளைச் சாத்திய சாத்தலில் மாடியில் பாத்திரம் உருண்டது. மழைக்காலம் முழுக்க ஆளையே காணோம். மழை ஓய்ந்த பிறகு ஒருநாள் முதல் கேமராவின் லென்ஸை எடுத்துக்கொண்டு வந்தார். உள்ளே வெள்ளை நூல் ஓடியிருந்தது.

அவளுக்குத் தலையில் இடி விழுந்த மாதிரி ஆயிற்று. மன்னிப்புக் கேட்டுக்கொண்டு மறுபடி சுத்தம் செய்து கொடுத்தாள். அடுத்த மாதம் இன்னொரு லென்ஸிலும் அதே நூல்.

"அந்த மனுஷன் வீட்டுலதான் ஏதோ கோளாறு," என்றாள் அண்ணி. "வேற யாருக்கும் வரலையே?"

"கேட்டேன் அண்ணி. திறந்த தட்டுலதான் வச்சிருக்கேன், ஈரமே கிடையாதுன்னார். கணக்கு வாத்தியார், பொய்யா சொல்லுவார்?"

அப்படியானால் கோளாறு தன் அறையில்தான் என்று முடிவு கட்டிவிட்டாள். தனக்குத் தெரியாமல் எங்கேயோ பூசணம் குடியேறி, தன் கையாலேயே எல்லா லென்ஸுக்கும் பரவுகிறது. அறையை மூன்று தடவை மருந்து போட்டுக் கழுவினாள். மேஜை விரிப்பைக் கொளுத்தினாள். பத்தொன்பது பழைய வாடிக்கையாளர்களுக்குப் போன் போட்டு, சும்மா நலம் விசாரிக்கிற மாதிரி லென்ஸைப் பற்றிக் கேட்டாள். நன்றாக இருக்கிறது என்றார்கள். அவர்கள் விளக்கில் பிடித்தா பார்த்திருக்கப்போகிறார்கள் என்று அதையும் நம்பவில்லை. ராத்திரி அழுதுவிட்டு, கண் எரிகிறது, மருந்து நெடி என்று அண்ணியிடம் சாக்குச் சொன்னாள்.

இந்த லட்சணத்தில்தான் திரைப்படக் கல்லூரியிலிருந்து அழைப்பு வந்தது. அங்கே சரக்கறையில் தண்ணீர்க் குழாய் உடைந்து மாதக்கணக்கில் கசிந்திருக்கிறது. நாற்பத்திரண்டு லென்ஸ்களில் பூசணம். இனிமேல் எந்தத் தொழிற்சாலையிலும் செய்யப்போவதில்லை என்கிற பழைய கண்ணாடிகள் எல்லாம். "உங்களைத் தவிர வேற யார்கிட்டயும் குடுக்க எனக்கு மனசு வரல," என்றாள் துறைத்தலைவி. "வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லுங்க. இல்லன்னா செவ்வாய்க்கிழமை வேற இடத்துக்கு அனுப்பணும்."

பதினாறு வருஷத்தில் அப்படியொரு வேலை அவளைத் தேடி வந்ததில்லை. சரி என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. போன சனிக்கிழமைதான் வாத்தியார் அந்த முதல் லென்ஸை மூன்றாம் தடவையாகக் கொண்டுவந்து, "அவசரமே இல்லைங்க," என்று கொடுத்துவிட்டுப் போயிருந்தார். பயத்தில் ஐந்து நாள் அந்தப் பெட்டிப் பக்கமே அவள் திரும்பவில்லை. வியாழக்கிழமை துணிந்து டார்ச் அடித்துப் பார்த்தாள். அதற்குத்தான் அந்தப் பேயறைந்த முகம்.

"நாப்பத்திரண்டையும் இங்க கொண்டுவந்து நானே அழிக்கணுமா அண்ணி? வேண்டாம்னு சொல்லிடறேன்."

அண்ணி எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். லென்ஸ்காரி கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை மாலை போனை எடுத்து, உடம்பு சரியில்லை, வேறு யாரையாவது பாருங்கள் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

சனிக்கிழமை காலை, இனிமேல் போக என்ன இருக்கிறது என்ற துணிச்சலில் வாத்தியாரின் லென்ஸைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்தாள். பழக்க தோஷத்தில் கண் முதலில் பொட்டுக்குப் போனது. பொட்டு உடையாமல் முழுசாக இருந்தது. ஆனால் அது அவள் வைத்த பொட்டே அல்ல. அவளுடையது செங்கல் சிவப்பு. இது ரோஸ். அதில் ஜிகினா வேறு மின்னியது.

லென்ஸ்காரி நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். வளையத்தின் பள்ளங்களைப் பார்த்தாள். அவள் சாவியின் முனை பட்டை. இங்கே ஊசிமுனையால் கீறிய தடங்கள். வளையத்தைக் கழற்றினாள். உள்ளே இருந்தது வழக்கமான வெள்ளை நூல் பூசணம் இல்லை. பச்சையாகப் புசுபுசுவென்று இருந்தது. அதன் ஓரத்தில் ஒரு ரொட்டித் துணுக்கு ஒட்டிக்கொண்டிருந்தது.

"அடப்பாவி மனுஷா!" என்று அவள் போட்ட சத்தம் மாடிக்குக் கேட்டது. அதைத் தொடர்ந்து நான்கு இழுப்பறைகள் சாத்திக்கொண்டன. அண்ணி மேலே, "அப்பாடா," என்று மூச்சு விட்டாள்.

சரியாகப் பதினொரு மணிக்கு வாத்தியார் வந்தார்.

"சார், உங்க வீட்டுல நெயில் பாலிஷ் போடறவங்க யார் இருக்காங்க?"

"எங்க வீட்டுல நான் மட்டும்தாங்க."

"அப்ப நீங்கதான் போட்டுக்கறீங்க."

வாத்தியார் முகத்தில் ஈயாடவில்லை. மேஜையைப் பார்த்தார். பிரித்துக் கிடந்த லென்ஸைப் பார்த்தார்.

"சிவப்புன்னுதாங்க கேட்டேன்," என்றார் கடைசியில். "சிவப்புலயே பதினாலு சிவப்பு காட்டினாங்க."

"வளையத்தை எதால திறந்தீங்க?"

"டிவைடரால. ஜாமெட்ரி பாக்ஸ்ல இருக்குமே, ரெண்டு முனையோட."

"ஐயோ! முனை வழுக்கியிருந்தா கண்ணாடி போயிருக்குமே! உள்ள என்னத்தை வச்சீங்க?"

"பூசணம் பிடிச்ச ரொட்டி. ஒரு டப்பால போட்டு, குளிக்கிற அறைல வச்சு வளர்த்தது. முதல் ரெண்டு தடவை பிரிக்கலைங்க. லென்ஸை ஈரத்துணில சுத்தி அங்க வச்சேன். அதுக்கு மாசக்கணக்குல ஆச்சு. இந்தத் தடவை என்னால அவ்வளவு நாள் பொறுக்க முடியல."

"எதுக்கு சார்? உங்களுக்கு நான் என்ன துரோகம் பண்ணினேன்?"

வாத்தியார் நிமிர்ந்து பார்த்தார். "என்கிட்ட இருந்த கேமரா எல்லாம் தீர்ந்துபோச்சுங்க," என்றார். "ரிப்பேருக்கு ஒண்ணும் இல்லாம இங்க எப்படி வர்றதுன்னு தெரியல. சனிக்கிழமை ஆனா பதினொரு மணிக்கு வீட்டுல உக்காந்து சுவரைப் பார்த்துக்கிட்டிருப்பேன். உங்களைப் பார்க்காம எனக்கு முடியல."

இதைக் கேட்டதும் அவளுக்குள் என்னவோ குழைந்தது. அப்படிக் குழைந்ததற்காகவே கோபம் இரண்டு மடங்காக ஏறியது.

"நாப்பத்திரண்டு லென்ஸ் சார்! திரைப்படக் கல்லூரில இருந்து வந்த வேலை. என் ரூம்ல பூசணம் இருக்குன்னு நினைச்சு நேத்து சாயங்காலம்தான் வேண்டாம்னு சொன்னேன். பதினாறு வருஷப் பேரு. அது போச்சுன்னு தினமும் அழுதிருக்கேன். வாய்கூசாம திறந்த தட்டுல வச்சிருக்கேன்னு சொன்னீங்களே, அதை நான் நம்பினேனே!"

வாத்தியாருக்கு முகத்தில் ரத்தம் சுண்டிவிட்டது. "எனக்குத் தெரியாதுங்க. உங்க கை பேர்ல நீங்களே சந்தேகப்படுவீங்கன்னு நான் நினைக்கவே இல்ல."

"போங்க சார். இனிமே வராதீங்க."

அவர் போய்விட்டார். அன்று முழுக்க ஒரு வேலையும் ஓடவில்லை.

"கல்லூரிக்கு நீயே போன் பண்ணிச் சொல்லிடேன்," என்றாள் அண்ணி மறுநாள்.

"என்னன்னு சொல்றது? ஒரு ஆள் என்னைப் பார்க்க வர்றதுக்காக ரொட்டில பூசணம் வளர்த்தார்னா? வெள்ளிக்கிழமை உடம்பு சரியில்ல, ஞாயித்துக்கிழமை சரியாப்போச்சுன்னு சொன்னா யார் நம்புவாங்க? மானம் போயிடும் அண்ணி." போனை மூன்று தடவை கையில் எடுத்து மூன்று தடவையும் கீழே வைத்தாள்.

திங்கட்கிழமை மதியம் போன் தானாகவே அடித்தது. பேசியது கல்லூரித் துறைத்தலைவி.

"ஏங்க, உடம்பு சரியில்லன்னு என்கிட்ட பொய் சொன்னீங்களா?"

லென்ஸ்காரி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"இன்னிக்குக் காலைல எங்க கூட்டம் நடந்துக்கிட்டிருக்கு. பதினோரு பேர் உக்காந்திருக்கோம். ஒருத்தர் கதவைத் தட்டிட்டு உள்ள வந்தார். கையில ஒரு டப்பா. திறந்தா ரொட்டி, பச்சைப் பசேல்னு. அதோட ஒரு நெயில் பாலிஷ் குப்பி, ஒரு டிவைடர். வரிசையா மேஜை மேல வச்சார். அப்புறம் எங்க போர்டுல எழுத ஆரம்பிச்சுட்டார்."

"போர்டுலயா?"

"ஆமா! பதினாறு வருஷம் இத்தனை லென்ஸ், திரும்பி வந்தது மூணு தடவை, மூணும் ஒரே வீட்டுல இருந்து, அந்த வீட்டுல இன்ன இன்ன பண்ணினேன், ஆகவே அவங்க அறையில பூசணம் இல்லை. கீழ ரெண்டு கோடு வேற போட்டார். எங்க ஆளுங்க விழுந்து விழுந்து சிரிச்சாங்க. ஒருத்தர் கிண்டலா, ஏன் சார் இப்படிப் பண்ணினீங்கன்னு கேட்டார்."

லென்ஸ்காரி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"அவங்களைப் பார்க்கணும்னு தோணிச்சு, வேற வழி தெரியலன்னார். அவ்வளவு பேருக்கு முன்னாடி. அப்புறம் யாரும் சிரிக்கல. என்னை அவங்க மன்னிக்க வேண்டாம், ஆனா இந்த வேலை அவங்க கையை விட்டுப் போகக்கூடாதுன்னு சொல்லிட்டு ரொட்டியை எடுத்துக்கிட்டுப் போயிட்டார். நெயில் பாலிஷை மறந்துட்டார். அதை உங்க ஆள்கிட்ட குடுத்துடுங்க, லென்ஸோட அனுப்பறேன்."

உங்க ஆள். இல்லையென்று சொல்ல லென்ஸ்காரி வாயைத் திறந்தாள்.

"எப்ப அனுப்பறீங்க?" என்றுதான் கேட்டாள். போனை வைத்த பிறகு முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள், நடுவில் போர்டு ஞாபகம் வந்து சிரித்தாள், திரும்ப அழுதாள். என்னவோ ஏதோவென்று ஓடிவந்த அண்ணிக்கு விஷயம் புரியவே கால்மணி நேரம் ஆயிற்று.

வெள்ளிக்கிழமை பெட்டிகள் வந்து இறங்கின. சனிக்கிழமை காலை லென்ஸ்காரி முதல் லென்ஸைப் பிரித்து வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்று. பதினொன்று ஐந்து. வராதே என்று சொன்னது அவள்தான். சொன்னால் அப்படியே கேட்டுவிடுவதா? பதினொன்று பத்து ஆயிற்று. ஒரு கண்ணாடியின் விளிம்பில் முன்பக்கம் என்று குறித்தாளா இல்லையா என்பதே மறந்துபோயிற்று. வேலை செய்யும்போது அவளுக்கு அப்படி ஆனதில்லை. அந்தக் கண்ணாடியைத் துணிமேல் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். இனி வரமாட்டார் என்று தோன்றியதும் அறை ரொம்பப் பெரிதாகிவிட்டது.

பதினொன்று இருபதுக்கு மாடிப்படியில் அண்ணியின் தலை தெரிந்தது.

"உன் நோட்டுக்காரர் இருபது நிமிஷமா வாசல்ல நிக்கறாரு. என்னன்னு ஜன்னல்ல இருந்து கேட்டேன். ரிப்பேருக்கு ஒண்ணும் கொண்டு வரலையாம். அதனால எதைச் சொல்லிக் கதவைத் தட்டறதுன்னு தெரியலையாம்."

லென்ஸ்காரி எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. கதவைத் திறந்தாள். வாத்தியார் நின்றிருந்தார். இரண்டு கைகளையும் எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் முன்னால் நீட்டினாற்போலப் பிடித்திருந்தார். பையில்லை, பெட்டியில்லை, நோட்டுக்கூட இல்லை.

"வராதீங்கன்னு சொன்னீங்க," என்றார்.

"சொன்னேன்."

"ஒண்ணும் கொண்டு வரலைங்க."

அந்த வெறும் கைகளைப் பார்த்ததும் அவள் கதவோரமாக விலகி வழிவிட்டாள்.

"ஒண்ணும் வேண்டாம்," என்றாள். "உள்ள வந்து உக்காருங்க."